இரண்டு பேருக்கு ஒரு கோட்டு

மச்சினன் கண் முன்னால் ஒரு தடவையாவது பனிச்சரிவில் மேலேயிருந்து கீழே சறுக்கி இறங்கிக் காட்டிவிடுவது என்று ஃபிரிட்ஜ் மெக்கானிக் முடிவு செய்துவிட்டார். இறங்கிய பிறகு கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் கிடந்தாலும் பரவாயில்லை. இறங்கியாக வேண்டும்.

காரணம் பழையது. ஆனால் மெக்கானிக் எந்தக் கோபத்தையும் வீணாகப் போகவிடுகிற ஆள் அல்ல. கெட்டுப்போகாமல் குளிரவைத்துப் பாதுகாப்பார். வருஷங்களுக்கு முன்னால், சொந்தக்காரர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மனைவியின் தம்பி எழுந்து சொன்னான்: "அத்தான் ஏன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் வேலைக்குப் போனார் தெரியுமா? கெட்டுப்போன ஃபிரிட்ஜ்தான் சூடா இருக்கும். அது ஓட ஆரம்பிச்சதும் இவரும் எழுந்து ஓடி வந்துடுவாரு."

மேஜையே குலுங்கியது. யார் யார் சிரித்தார்கள், யார் எத்தனை பல் தெரியச் சிரித்தார்கள் என்பது இன்று வரை மெக்கானிக்குக்கு மனப்பாடம். அந்த வரிசையில் அவர் மனைவியும் இருந்தாள். அவள் புரையேறும் வரை சிரித்தாள்.

இத்தனைக்கும் அவன் சொன்னது பொய் இல்லை. மெக்கானிக்குக்குக் குளிர் ஆகாது. பொய்யாக இருந்திருந்தால் மறுநாளே மறந்திருப்பார்.

இப்போது அதே மச்சினன் ஒரு பயண கம்பெனியில் பெரிய ஆளாகிவிட்டான். கம்பெனி ஆட்களோடு தான் போகிற பனிமலையிலேயே நான்கு நாள் தங்குவதற்கு அக்காவுக்கும் அத்தானுக்கும் அறை போட்டுத் தந்தான். தந்தவன் அதோடு விட்டிருக்கலாம். போனில் கூப்பிட்டு, அத்தானுக்குக் குளிர் தாங்காதே, தன்னுடைய பழைய கோட்டு ஒன்று சும்மா கிடக்கிறது, கொண்டுவரட்டுமா என்று கேட்டான். உன் கோட்டை நீயே போட்டுக்கொள், எனக்கு என் கோட்டு இருக்கிறது என்று மெக்கானிக் பதில் சொன்னார். அவரிடம் கோட்டே கிடையாது. போனை வைத்த கையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். ஒரே தடிக் கோட்டாக வாங்கினால் ஏமாந்துபோவீர்கள் என்றார். பனிக்கு அடுக்கடுக்காக உடுத்த வேண்டுமாம். உடம்போடு ஒட்டி, வியர்வையை வெளியே தள்ளுகிற மெல்லிய உள்ளுடுப்பு முதலில். அதன் மேல் சூட்டைப் பிடித்து வைக்கும் கம்பளிச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் நுழையாத கோட்டு. சறுக்கி உடம்பு சூடானால் நடுவில் இருப்பதைக் கழற்றிக்கொள்ளலாம், உட்கார்ந்து குளிரெடுத்தால் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். மேல் கோட்டு மட்டும் தனியாக ஊரில் மழைக்கும் ஆகும்.

"அப்படின்னா இது ஃபிரிட்ஜேதான். உள்ளே வெளியே மாத்திப் போட்டிருக்கு" என்றார் மெக்கானிக். கடைக்காரர் சிரிக்கவில்லை. "ஆம்பளை பொம்பளை ரெண்டு பேருக்கும் ஆகற அளவு சார்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வார்த்தை மெக்கானிக்கின் மூளையில் ஒரு பல்பைப் போட்டது. அவரும் மனைவியும் ஏறக்குறைய ஒரே உயரம். அவர் இதை ஒத்துக்கொண்டதில்லை, ஆனால் ஒரே உயரம். இரண்டு பேருக்கு எதற்கு இரண்டு செட்டு? ஒன்றை வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாமே என்று மனைவியிடம் இதமாக எடுத்துச் சொன்னார். அவர் வெளியே போகும்போது அவள் அறையில் படுத்துக் காலை நீட்டலாம். பஸ் கண்டக்டர் வேலை, வருஷம் பூராவும் நின்றுகொண்டே இருக்கிறாள், பாவம். சொல்லும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டார்: இவள் படுத்தால் நான்கு நாளும் எழுந்திருக்க மாட்டாள், கோட்டு நமக்குத்தான்.

"சரிங்க" என்றாள் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து 'ஆனா' சேர்க்காமல் அவள் 'சரி' சொன்னது அதுதான் முதல் தடவை. மெக்கானிக் அங்கேயே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் கலர் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார். பார்த்துப் பார்த்துக் கண்ணைக் குத்துகிற ஆரஞ்சில் ஒன்றை எடுத்தார்.

"ரோடு போடறவங்க கோட்டு மாதிரி இருக்குங்க."

"இருக்கட்டும். உன் தம்பி மலையில எந்த மூலையில நின்னாலும், இறங்கறது நான்தான்னு தெரியணும்."

வீட்டுக்கு வந்ததும் மச்சினனைக் கூப்பிட்டு, ஆரஞ்சைப் பார்த்தால் அது நான்தான் என்று தெரிந்துகொள் என்று சொல்லியும் வைத்தார்.

மலைக்குப் போன முதல் நாள் காலையில் மெக்கானிக் கண்ணாடி முன்னால் நின்று அடுக்கடுக்காக உடுத்தினார். குல்லாய், முகமூடி, பெரிய கண்ணாடி எல்லாம் மாட்டியாயிற்று. பெற்ற தாயே வந்தாலும் யாரென்று கேட்பாள். கம்பீரமாகக் கதவைத் திறந்தார். ஒரு காற்று வந்து மூக்கைப் பிடித்துத் திருகியது. கதவைச் சாத்தினார்.

"நான் வேணா ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடறேங்க. எங்கே வழுக்குது, எங்கே வழுக்கலைன்னு தெரிஞ்சா உங்களுக்குத்தானே நல்லது?" என்றாள் மனைவி.

மெக்கானிக்குக்கு அது நியாயமாகப் பட்டது. ஒவ்வொரு அடுக்காகக் கழற்றிக் கொடுத்தார். சூடு ஆறுவதற்குள் அவள் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டாள். ஒரு எட்டு பார்க்கப் போனவள் இருட்டுகிற நேரத்தில் மூக்குச் சிவந்து, முகம் மலர்ந்து திரும்பி வந்தாள்.

அவர் குதித்தார். அவள் அதைக் காதில் வாங்காமல் பேசிக்கொண்டே போனாள். "ஒண்ணுமே இல்லீங்க, நம்ம பஸ்தான். முட்டியை லேசா மடக்கி, உடம்பை அது போற போக்குக்கு விட்டுக் கொடுத்தாப் போதும். சடன் பிரேக் போட டிரைவர் இல்லை, அது ஒண்ணுதான் வித்தியாசம்." பாதி ஆயுசு ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று, ஒரு கையில் டிக்கெட்டும் மறு கையில் சில்லறையுமாகச் சமாளித்தவள். அவளுக்கு இந்தச் சறுக்கல் எம்மாத்திரம்?

மறுநாள் உள்ளுடுப்பு முழுசாகக் காயவில்லை. ஈரத்தைப் போட்டால் உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும், என் உடம்பு தாங்கும் என்று சொல்லி, அவர் பதில் யோசிப்பதற்குள் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மெக்கானிக் இருந்த போர்வைகளையெல்லாம் சுற்றிக்கொண்டு ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஊரே வெளியில் இருந்தது. பிறந்த குழந்தைக்குக்கூடக் கோட்டு இருந்தது. ஆத்திரம் தாங்காமல், அறையில் கொரகொரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த சின்ன ஃபிரிட்ஜைப் பிரித்துச் சரிசெய்தார். அது ஓட ஆரம்பித்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

சாயந்திரம் கதவு தட்டப்பட்டது. மச்சினன் நின்றிருந்தான், தலையெல்லாம் பனி.

"அத்தான், என்னை மன்னிச்சிடுங்க."

இந்த வார்த்தைக்காக மெக்கானிக் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தார். எதற்கு என்றுதான் புரியவில்லை.

"என்னென்னவோ பேசியிருக்கேன் உங்களைப் பத்தி. இன்னைக்கு நீங்க இறங்கின வேகத்தைக் கீழே நின்னு பார்த்தேன். அப்படியே மலைச்சுப் போயிட்டேன்."

"நானா?"

"ஆரஞ்சு கோட்டு நீங்கதானே?"

உண்மையைச் சொல்ல மெக்கானிக்கின் வாய் திறந்தது. திறந்த வாய்க்குள் ஒரு யோசனை புகுந்தது. வாய் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தபோது, "சுமாராத்தான் இறங்கினேன்" என்றது.

"போற வழியில நின்னவங்களையெல்லாம் 'உள்ளே போ, உள்ளே போ'ன்னு விரட்டினீங்களே, அதுதான் அத்தான் தைரியம். குரல்தான் என்னவோ கீச்சுன்னு இருந்துச்சு."

"குளிர்ல தொண்டை கட்டிடுச்சு."

"அக்கா எங்கே?"

"குளிக்கிறா."

மச்சினன் அத்தானின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினான். நாளைக் காலையில் பெரிய சரிவில் அத்தானுக்கும் தனக்கும் போட்டி, கம்பெனி ஆட்கள் மொத்தப் பேரையும் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறேன், எல்லோரும் என் அத்தானைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சற்று நேரத்தில் ஆரஞ்சு கோட்டு வந்து சேர்ந்தது. மெக்கானிக் நடந்ததைச் சொன்னார். மனைவி முழுசும் கேட்டாள். கோட்டைக் கழற்றி உதறி, பவ்யமாக அவர் முன்னால் நீட்டினாள்.

"நாளைக்கு நீங்க போங்க. உங்க ஆசையே அதுதானே?"

மெக்கானிக் கோட்டைத் தொடவில்லை. இருக்கிற நாளெல்லாம் கோட்டு உனக்குத்தான் என்றார். எனக்கு எதற்கு ஊர் வம்பு, கைதட்டல் உங்களுக்குத்தானே கிடைக்கப் போகிறது என்றாள். முகம் மூடியிருக்கிறது, யாருக்கும் தெரியாது என்று கெஞ்சினார். உங்க தொப்பைக்கு எங்கே போவது என்று கேட்டாள். நடுவில் அவருடைய ஸ்வெட்டரையும் சேர்த்துப் போட்டால் தொப்பை வந்துவிடும் என்று அவரே வழி சொன்னார். கடைசியில் அவள் இறங்கி வந்தாள். ஊருக்குப் போனதும் அவளுக்கென்று தனியாக ஒரு முழுச் செட்டு, அவள் சொல்கிற கலரில். ஒவ்வொரு வருஷமும் பனிமலை.

மெக்கானிக் 'ஆனா' சேர்க்காமல் 'சரி' என்றார்.

காலையில் மெக்கானிக்கின் தொப்பையோடு மனைவி கிளம்பினாள். அவர் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். கீழே கூட்டம் சேர்ந்திருந்தது. மலை உச்சியில் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று, நீலப் புள்ளி ஒன்று. இரண்டும் புறப்பட்டன. பாதி வழியிலேயே ஆரஞ்சு முந்திவிட்டது. அப்புறம் நீலம் எங்கேயோ பின்னால் தத்தளித்தது. மெக்கானிக்குக்குப் போர்வை நழுவியது தெரியவில்லை. "விடாதே, விடாதே" என்று ஜன்னலைக் குத்தினார். அவர் வாழ்க்கையில் குளிரை மறந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

எல்லைக் கொடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது ஆரஞ்சு நின்றது. நிதானமாகக் குனிந்தது. காலணிப் பட்டையைக் கழற்றி மாட்டியது. நீலம் தட்டுத் தடுமாறிக் கடந்து போய்க் கொடியைத் தாண்டியது. கூட்டம் மச்சினனைத் தூக்கிவைத்து ஆடியது. ஆரஞ்சும் கை தட்டியது.

மனைவி அறைக்குத் திரும்பியபோது மெக்கானிக் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்.

"கொடிக்குப் பக்கத்துல வந்துட்டு எதுக்கு நின்னே?"

அவள் அவசரப்படவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அவருடைய ஸ்வெட்டரைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"திரும்பிப் பார்த்தேங்க. வாயைப் பிளந்துக்கிட்டு, மூச்சு வாங்க வந்துக்கிட்டிருந்தான். என்ன இருந்தாலும் என் தம்பியாச்சே, மனசு கேட்கலை. அதுவும் இல்லாம, தோத்தது நான் இல்லையே."