இருபத்துமூன்று காய்களைப் பலிகொடுத்தவரின் விண்ணப்பம்

வாராந்தர பாதுக் பலகையாட்டப் பக்கத்தின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஜொஞ்சு நகரிலிருந்து, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ப்யோ மான்-சொக் தலை தாழ்த்தி எழுதுவது. மழை விட்டு முட்டைக்கோஸ் நாற்று நடும் இந்த நாட்களில் தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலமே. என் காய்கள்தான் நலமில்லை. புதிதாகக் கற்பவர்களின் ஆட்டத்தைத் தாங்கள் காய் காயாகப் பார்த்துத் திருத்தித் தருவதை வாராவாரம் படிக்கிறேன். என் ஆட்டத்தின் குறிப்புத் தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் பார்க்கவும்.

இரண்டு வாரங்களுக்கு முன் என் மகளின் மாமனார் குக் சங்-தே, குன்சானிலிருந்து ஒரு பெட்டிக் கருவாட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் இருந்த பாதுக் பலகையைப் பார்த்ததும் கருவாட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு, "சம்பந்தி ஆடுவீங்களா, சொல்லவே இல்லையே" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். "மார்ச்லதாங்க கத்துக்க ஆரம்பிச்சேன், ஒண்ணுமே தெரியாது" என்றேன். ஐயா, நம் ஊரில் நன்றாக ஆடுகிறவன் சொல்வதும் இதே வாக்கியம்தான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆடத் தெரியாதவன்தான் "ஏதோ சுமாரா ஆடுவேன்" என்பான். அவர் புன்னகைத்து, கெட்டிக்காரருக்கு உரிய வெள்ளைக் காய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். நான் திருப்பித் தள்ளினேன். அவர் மறுபடி தள்ள, நானும் தள்ள, மூன்றாவது தடவையும் மறுத்தால் சம்பந்தியை அவமதித்ததாகிவிடும் என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். அறுபத்தாறு வயதில் ஒரே ஒரு உண்மை பேசினேன், அதுவும் எடுபடவில்லை.

ஆட்டத்தைப் பற்றி நீட்டி எழுத மாட்டேன். ஒரு மூலையில் என் காய் ஒன்று அவருடைய காய்களுக்கு நடுவே, நகர இடமில்லாமல் மாட்டிக்கொண்டது. அதை விட்டுத் தொலைத்திருக்கலாம். காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அதன் பக்கத்தில் ஒன்று வைத்தேன், அவர் மறித்தார், நான் இன்னொன்று வைத்தேன், அவர் மறித்தார், இப்படியே பலகையின் குறுக்கே கோணல்மாணலாக ஓடி எதிர் ஓரத்தில் போய் முட்டியபோது ஒன்றுக்குப் பதில் இருபத்துமூன்று காய்கள் செத்தன. முப்பத்தொரு வருடம் வண்டி ஓட்டியவன், முன்னால் சுவர் இருப்பதைப் பார்க்கவில்லை.

தோற்றதுகூடப் பரவாயில்லை. ஆட்டம் முடிந்ததும் முதல் காயிலிருந்து திரும்ப வைத்துப் பார்க்கும் நம் வழக்கம் இருக்கிறதே, அதில்தான் மானம் போயிற்று. அவருக்கு எல்லாக் காயும் நினைவிருந்தது, எனக்கு என் காயே நினைவில்லை. ஓர் இடத்தில் நான் தைரியமாக, "இங்கதான் கறுப்பு சொதப்பிட்டுது" என்றேன். "அது வெள்ளைங்க, சம்பந்தி" என்றார் மெதுவாக. பிறகு நடுப்பலகையில் தனியாக நின்ற என் காயைக் காட்டி, "இதோட உள்நோக்கம் என்னன்னு ரொம்ப யோசிச்சேன்" என்றார். அங்கே பலகாரத்திலிருந்து பயற்றம்பொடி உதிர்ந்திருந்தது, அதை மறைக்க வைத்த காய் அது. "தூரத்தை யோசிச்சு வெச்சதுங்க" என்றேன். அவர் தலையாட்டி, ஆட்டத்தை எனக்காகக் குறித்துக் கொடுத்த தாளில் 'தொலைநோக்கு' என்றும் எழுதினார். அதே தாள்தான் தங்கள் கையில் இருப்பது.

கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "எனக்காக விட்டுக்கொடுத்து ஆடிட்டீங்க, புரியாம இல்ல. பேரன் பொறந்தநாள்ல நிஜமா ஆடணும்" என்றார். அடுத்த மாதம் பேரனுக்கு ஒரு வயது நிறைகிறது. இரு வீட்டுச் சொந்தமும் பலகையைச் சுற்றி நிற்கும். என் மனைவி ஓக்-ரிம், "வண்டி ஓட்டினவர்தானே, ஓரமா நிறுத்தத் தெரியாதா? பொண்ணு வாழப் போன எடம், அங்க போயா மானத்த வாங்குவீங்க" என்கிறாள். இரண்டு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையிலேயே பயமாக இருக்கிறது, ஐயா. ஜெயிக்கக் கேட்கவில்லை. பார்ப்பவர் சிரிக்காதபடி ஒரு மணி நேரம் நான் பலகை முன் உட்கார்ந்திருக்க வழி சொன்னால் போதும். பெயரைப் போட வேண்டாம், ஊரையும் போட வேண்டாம்.

தங்கள் காய்களுக்கு என்றும் மூச்சுவிட இடமிருக்கட்டும், தங்கள் வீட்டுக் கிம்சி ஊறுகாய் ஜாடி வரும் குளிர்காலம் முழுக்க நிறைந்திருக்கட்டும் என்று வாழ்த்தும்,
ப்யோ மான்-சொக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தங்கள் இந்த வார இதழ் வந்தது. 'குன்சான் வாசகர்' ஒருவரின் கடிதத்தைப் போட்டிருக்கிறீர்கள். கூட அச்சிட்ட படத்தில் செத்துக் கிடக்கும் இருபத்துமூன்று பேரையும் எனக்கு அடையாளம் தெரிகிறது. 'என் சம்பந்தி தங்கமான மனிதர். மூன்றாவது காயிலேயே அவருக்கு ஆடத் தெரியாது என்று புரிந்துவிட்டது. தோற்றுப்போக என்னால் ஆனதெல்லாம் செய்தேன். வழி திறந்து விட்டால் அவர் வேறு பக்கம் போகிறார். பேரன் பிறந்தநாளில், சொந்தக்காரர்கள் முன்னால், அவருக்குத் தெரியாமல் அவரிடம் தோற்பது எப்படி?' என்று கேட்டிருக்கிறார். பதில் அடுத்த வாரம் என்று போட்டிருக்கிறீர்கள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள். முதலில் அவருக்கே பதில் எழுதுங்கள், நான் படிக்காதது போல் இருந்துகொள்கிறேன். இருப்பது ஒரு மாதம். எனக்கு ஜெயிக்கக் கற்றுக்கொடுப்பதைவிட அவருக்குத் தோற்கக் கற்றுக்கொடுப்பதுதான் தங்களுக்குச் சுலபம்.