விழுந்த சத்தம் வராத கல்

கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் பூமிக்குள் இருக்கிற தண்ணீரைக் காதாலேயே அளந்தவர் ஒரே ஒருத்தர்தான். கல்லு அண்ணாச்சி. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ரிட்டையர் ஆனவர். யார் தோட்டத்துப் போர்வெல் வற்றினாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். குழாய்க்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டு, செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டுவார். 'டொபக்' என்றதும் நிறுத்தி, இத்தனை அடியில் தண்ணீர் என்பார். ஓர் அடி பிசகாது.

இயக்க விதிகள் மேல் அப்படியொரு பக்தி. ஒருநாள் மினிபஸ் நின்றுபோய் எல்லோரும் இறங்கித் தள்ளுகிறோம், இவர் மட்டும் சீட்டில்.

"நான் பஸ்ஸைத் தள்ளுனா பஸ்ஸும் என்னையத் தள்ளும்லா? மூணாம் விதி. இந்த வயசுல தாங்காது."

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

போன வருஷம் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் என் மிளகாய்த் தோட்டம் வாடியது. போரில் தண்ணீர் எங்கே இருக்கிறதென்று தெரிந்தால்தான் மோட்டாரை இறக்கலாம். உச்சி வெயில். வெடித்த கரிசலில் ஒரு காக்கா இல்லை. அண்ணாச்சி கல்லைப் போட்டார். சத்தம் வரவில்லை.

"சேத்துல விழுந்திருக்கும் அண்ணாச்சி."

"சேத்துல விழுந்தாலும் 'சொத்'துன்னு கேக்கும்டே." குழாயில் காதை வைத்தார். "கல்லு இன்னும் விழுந்துக்கிட்டே இருக்கு."

நானும் காதை வைத்தேன். சன்னமாக, காற்றைக் கிழித்துக்கொண்டு ஏதோ கீழே போய்க்கொண்டிருந்தது. அந்த வெயிலிலும் எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது.

"அப்போ விதி பொய்யா அண்ணாச்சி?"

"அணுவுக்குள்ள அது செல்லாது. வெளிச்சத்தோட வேகத்துல போனாலும் செல்லாது. உன் போரு அது ரெண்டுமில்லையேடே!"

ஸ்டாப்வாட்சை நிறுத்தவும் மறுத்துவிட்டார். "ஓடுறது ஓடிக்கிட்டே இருக்கும், யாராச்சும் நிறுத்துத வரைக்கும். முதல் விதி." செல்போனை என் கையில் கொடுத்தார். "சார்ஜ் இறங்க விட்டுராத. இந்தக் கல்லுக்குப் பதில் வராம இன்னொரு கல்லைத் தொட மாட்டேன்."

தினமும் மத்தியானம் சைக்கிளில் வந்து காதை வைப்பார். ஊரே சிரித்தது. அவரை யாரும் கூப்பிடுவதில்லை. மிளகாய் கருகியதுகூட எனக்கு ஆறிவிட்டது. அந்த மனுஷன் தலைகுனிந்து திரும்பிப் போவதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. மழைக்கு முன்னாடியே தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிந்த மறுநாள், போரை மூடிவிடலாமென்று மூடியோடு போனேன். அதே உச்சி வெயில். குனிந்தேன்.

'டொபக்.'

தண்ணீரேதான். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. மூடியைக் கீழே வைத்துவிட்டு, குழாய்க்குள் கத்தினேன்: "அண்ணாச்சி, விழுந்துட்டு!"

செல்போன் இன்றும் என் வீட்டில் சார்ஜில்தான் கிடக்கிறது. ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்துகிற ஆள் நானாக இருக்க மாட்டேன்.