வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிசினும் நாங்கள் வர முடியாத காரணமும்

உடுவில்,
பங்குனி 1992.

அன்பு மகன் குகதாசனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். வெங்காயமும் இப்போது சுகம். கனடாக் குளிரில் நீயும் மருமகளும் தடிமன் காய்ச்சல் வராமல் இருக்கப் பிள்ளையார் துணை. விசா சரிவந்துவிட்டது, இரண்டு பேரும் உடனே வெளிக்கிடுங்கள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் இறைப்பு மிசினின் நிலையை நீ பொறுமையாக வாசிக்க வேண்டும்.

பொருளாதாரத் தடையால் இங்கே பெற்றோல் கண்ணால் காணக் கிடையாது. மிசின் மண்ணெண்ணெயில் ஓடும். ஆனால் ஆறிக் கிடக்கிற மிசினை எழுப்ப நாலு துளி பெற்றோலாவது வேண்டும். அது இல்லாமல் இழுத்து இழுத்துப் போன கிழமை கயிறு அறுந்தது. புதுக் கயிறு கோக்கலாமென்று மூடியைக் கழற்றினேன், உள்ளே சுருண்டு கிடந்த ஸ்பிறிங் பாய்ந்து வாழைக்குள் போய் விழுந்தது. தபாற்கந்தோரில் முத்திரை குத்திப் பழகிய கைக்கு அதைத் திரும்பச் சுருட்டி அடைக்க ஒரு பகல் முழுதும் போனது. கயிற்றுக்கு அம்மாவின் உடுப்புக் கொடியை அறுத்தேன், அதற்கு வாங்கிய பேச்சை எழுத இந்தத் தாள் காணாது. பிறகும் மிசின் இருமியதே தவிர ஓடவில்லை. எண்ணெய்த் தாங்கியைக் கவிழ்த்தால் அடியில் சேறு. அதைக் கழுவி, மண்ணெண்ணெயை வேட்டித் துணியால் வடித்து, காபரேற்றரைக் கழற்றி, அதன் சின்னத் துவாரத்தைக் கோழி இறகால் குத்தி ஊதினேன். வெங்காயத் தாளெல்லாம் மஞ்சளாகித் தலை சாய்ந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துச் செல்வரட்ணம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அண்ணை, உதுக்குக் கொஞ்சம் சென்ற் விட்டுப் பாருங்கோ, பத்தும்" என்றான்.

அம்மாவுக்குப் பூச நீ அனுப்பிய வாசனைச் சென்ற் போத்தலிலிருந்து நாலு துளி விட்டேன். மிசின் பிடித்துக்கொண்டது, மகன்.

தோட்டம் முழுக்கக் கலியாண வீட்டு வாசம். வாய்க்காலில் தண்ணீர் வெள்ளையாய் வந்தது. காலை அதற்குள் விட்டுக்கொண்டு வரம்பில் இருந்தேன். பாத்திகள் ஒவ்வொன்றாய்க் கறுத்து வர, மிசின் ஒரே தாளத்தில் கதைக்க, நான் இருந்த வரம்பு மெல்ல அவிழ்ந்து தண்ணீரோடு போகிற மாதிரி இருந்தது. தூரத்தில் சாப்பாட்டுக் கடகப்பெட்டியோடு வந்தது உன்ரை அம்மாதான். கலியாணம் முடிஞ்ச புதுசிலை வந்த மாதிரியே வந்தா. நித்திரையோ முழிப்போ தெரியாது.

இதை விட்டிட்டு எப்பிடியடா வாறது? அந்த மிசினுக்கு என்ரை கை மட்டும்தான் பழக்கம். வேறை ஆர் இழுத்தாலும் எழும்பாது. நாங்கள் வந்தால் வெங்காயம் செத்துப்போகும். ஆகவே விசாவை அடுத்த வருஷம் பார்ப்போம்.

நீயும் மருமகளும் குறைவில்லாமல் நீடு வாழ்க.

இப்படிக்கு,
அன்பு அப்பா,
சிவசுப்பிரமணியம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல் அம்மா வாங்கி வாசித்தாள். நேரே தோட்டத்துக்குப் போய், சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ஒரே இழுவை. சென்றும் இல்லை, ஒன்றும் இல்லை. மிசின் ஓடத் தொடங்கிவிட்டது. அதை நிற்பாட்டிவிட்டு வந்து சொன்னாள்: "உது ஆர் இழுத்தாலும் ஓடும். செல்வரட்ணத்திட்டைக் குடுத்திட்டு வெளிக்கிடுங்கோ. எனக்கு என்ரை பிள்ளையைப் பாக்கவேணும்."

குளிருக்கு என்ன உடுப்பு வேண்டுமென்று உடனே எழுது.