டிராக்டருக்கு அடியில் கேட்ட நற்சான்று

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நடந்ததையெல்லாம் நாள், கிழமை, மணியோடு நோட்டில் எழுதி வைப்பேன். நடக்கப்போவதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். (நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட கிழமையைக் கேளுங்கள், சொல்வேன். நாளைக்கு எங்கே போகிறேன் என்று கேட்டால் மழுப்பிவிடுவேன்.) "முன்னாடியே வெளிய சொன்னா கண்ணு பட்டுரும்" என்பது எங்கள் வீட்டு வளர்ப்பு. இந்த இரண்டு குணமும் சேர்ந்து, ஒரு புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, என்னை ஆஸ்திரேலியாவிலிருந்து கிட்டத்தட்டத் துரத்திவிட்டன. அப்போது நான் இருந்ததோ ஸ்ரீவைகுண்டத்தில், ஒரு டிராக்டருக்கு அடியில்.

அந்த ஊரில் தேவசகாயம் அண்ணாச்சியின் டிராக்டர் பட்டறையில் ஐந்து வருஷம் மெக்கானிக்காக இருந்தவன் நான். பிறகு தற்காலிக விசாவில் ஆஸ்திரேலியா போய், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு விவசாய இயந்திரக் கம்பெனியில் சேர்ந்தேன். முதலாளிக்கு என்னைப் பிடித்துப்போனது. நான் நிரந்தரமாகத் தங்குவதற்கு, அதாவது பி.ஆர். வாங்குவதற்கு, கம்பெனியின் பெயரிலேயே விண்ணப்பம் போட்டார். ஐந்து வருஷப் பட்டறை அனுபவத்தை மட்டும் நான் நிரூபிக்க வேண்டும். அண்ணாச்சியிடம் கையெழுத்து வாங்கி ஒரு கடிதம் அனுப்பினேன். (காகிதத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் வழக்கம் அவருக்கு இல்லை.) விசா அதிகாரிகள் தங்கள் இந்திய அலுவலகத்திலிருந்து போன் செய்து அதைச் சரிபார்ப்பார்கள். பதில் ஒத்துவராவிட்டால், விசா முடிகிற மாதம் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்தச் சமயம் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். பட்டறைக்குப் போய் அண்ணாச்சியிடம் பைய ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, என்னையப் பத்தி விசாரிச்சு போன் வரும். கொஞ்சம் நல்லவிதமா சொல்லுங்க."

"யாருலே கூப்பிடுவா?"

"அது... முடியட்டும் அண்ணாச்சி. பெறவு சொல்லுதேன்." இதைச் சொல்லும்போது ஒரு அசட்டுச் சிரிப்பு வேறு சிரித்துத் தொலைத்தேன்.

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரிதாம்லே. எனக்குப் புரிஞ்சுட்டு."

எங்கள் பக்கத்தில், ஒருவன் வேலை பார்த்த இடத்துக்கு போன் செய்து, என்ன வேலை, எத்தனை வருஷம், ஆள் எப்படி என்று விசாரிப்பவர்கள் ஒரே ஒரு சாரார்தான்: பெண் வீட்டார். போதாக்குறைக்கு என் அம்மா அந்த மாதம்தான் ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் என் போட்டோவைக் காட்டத் தொடங்கியிருந்தாள். இவை இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஐந்து வருஷ நாட்குறிப்பு எழுதியவனுக்கு அவ்வளவுதான் மூளை.

புதன்கிழமை சும்மா பட்டறைக்குப் போனவன், கை அரித்ததால் ஒரு டிராக்டருக்கு அடியில் புகுந்து மல்லாக்கக் கிடந்தேன். போன் அடித்தது. அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஒரு பெண் குரல், நல்ல சென்னைத் தமிழில், நிதானமாக ஆரம்பித்தது.

"வணக்கம் சார். செல்வின்ங்கிறவரைப் பத்தி சில விவரங்களைச் சரிபார்க்கணும். நான் கூப்பிடுறது..."

"தெரியும்மா, தெரியும். சொல்லிருக்கான். கேளுங்க."

"அவர் உங்ககிட்ட என்ன வேலை பார்த்தார்?"

"வேலையா? தங்கமான பையம்மா. வேலைக்காரன் மாதிரியா வச்சிருந்தேன்? முதலாளி மாதிரிலா இருந்தான்! ஒரு ஸ்பேனரைத் தொட விட்டதில்ல. வெள்ளைச் சட்டை கசங்காம நாற்காலில உக்காந்து மேற்பார்வை பாப்பான்."

நான் பதறி எழுந்தேன். டிராக்டருக்கு அடியில் படுத்திருப்பவன் எழக் கூடாது. நெற்றி இரும்பில் மோதி, பொறி கலங்கி, மறுபடி படுத்தேன்.

"அவர் வயசு...?"

"இருபத்தெட்டுதாம்மா." (எனக்கு முப்பத்தொன்று.)

"வெளிநாட்டுல நிரந்தரமா இருக்கப்போறதா உங்ககிட்ட சொல்லியிருக்காரா?"

"அதைப் பத்தி நீங்க பயப்படவே வேண்டாம்! ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துருவான். பெத்தவளை விட்டுட்டு அங்கனயே கெடக்கிற ஆளா அவன்? நான் வாக்கு தாரேன்."

முகமெல்லாம் கிரீஸ், நெற்றியில் ரத்தம், கையில் ஸ்பேனர். தவழ்ந்து வெளியே வந்து, 'நிறுத்துங்க' என்று ஸ்பேனரை ஆட்டினேன். அண்ணாச்சி போனைப் பார்த்துச் சிரித்தார். "பையன் இங்கனதான் நிக்கான். வெக்கப்படுதான்!"

ஒன்பதாவது நாள், வெள்ளிக்கிழமை, மெயில் வந்தது. விண்ணப்பதாரர் எந்தக் கருவியையும் தொட்டதில்லை என்று முன்னாள் முதலாளி கூறுகிறார். வயது முரண்படுகிறது. நிரந்தரமாகத் தங்கும் எண்ணமும் இல்லை எனத் தெரிகிறது. விளக்கம் இருந்தால் இருபத்தெட்டு நாட்களுக்குள் அனுப்பவும். அன்று மாலையே ஆஸ்திரேலிய முதலாளி கூப்பிட்டார். கோபமே படவில்லை. "உனக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்றால் முன்பே சொல்லியிருக்கலாமே" என்றார். நெற்றிக் காயத்தைவிட அதுதான் வலித்தது.

என்னிடம் இருந்த ஒரே சாட்சி என் நோட்டுகள். எந்த நாள், எந்த ஊர் டிராக்டர், என்ன பழுது, எத்தனை மணிக்கு முடித்தேன் என்று ஐந்து நோட்டு நிறைய எழுதியிருந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் அண்ணாச்சி கையெழுத்திட்டால் மொழிபெயர்த்து அனுப்பலாம் என்றார் விசா ஏஜென்ட்.

விஷயம் தெரிந்ததும் அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஏலே, சர்க்கார் ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? நான் உனக்குப் பொண்ணுலா பேசிட்டு இருந்தேன்!" அந்தப் பயத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக, வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட உட்கார்ந்தார். நாலாவது பக்கத்தில் நிறுத்தினார்.

"'திங்கள். மழை. ஏரல் டிராக்டர், கிளட்ச் பிளேட் மாற்றினேன். அண்ணாச்சி ஸ்பேனரைக் காணோம் என்று என்னைத் திட்டினார். அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.' என்னதுலே இது?"

"உண்மைதான அண்ணாச்சி."

"உண்மைன்னா எழுதிருவியோ? வெள்ளைக்காரன் வாசிப்பாம்லே!"

அடித்துத் திருத்தினால் செல்லாது என்றேன். நெடுநேரம் யோசித்தவர், கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'ஸ்பேனர் விஷயம் தவிர மற்றவை உண்மை.' அதுவும் மொழிபெயர்க்கப்பட்டு, முத்திரை வைக்கப்பட்டு, கடல் கடந்து போனது. பி.ஆர். கிடைத்தது. ஒருவேளை அந்த ஒரு வரியால்தான் கிடைத்ததோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

கதை அங்கே முடிந்திருக்கலாம். மறு வருஷம் பாளையங்கோட்டையிலிருந்து நிஜமாகவே ஒரு பெண் வீட்டார் அண்ணாச்சிக்கு போன் செய்தார்கள். சூடுபட்ட அண்ணாச்சி இந்த முறை உஷாராக இருந்தார்.

"சார், எல்லாம் சரியா எழுதிக்கிடுங்க. எப்பவும் டிராக்டருக்கு அடியிலதான் கெடப்பான். மேலெல்லாம் கிரீஸ். வயசு முப்பத்திரண்டு, ஒரு நாள் குறையாது. ஊர்ல இருக்க அவனுக்கு இஷ்டமே கிடையாது, அங்கனயே நிரந்தரமா இருந்துருவான். சந்தேகம்னா நோட்டைக் காட்டுதேன்!"

பெண்ணின் அப்பா திகைத்துப்போய் போனை வைத்துவிட்டாராம். பக்கத்தில் இருந்து கேட்ட பெண்தான், "மாப்பிள்ளைக்காக ஒரு பொய்கூடச் சொல்லாத ஆளை இப்பதான்ப்பா பாக்கேன். இந்த மாப்பிள்ளையவே பேசி முடிங்க" என்றாளாம். அவள்தான் எஸ்தர், என் மனைவி.

அந்தப் பழைய மெயிலை அவள் அச்செடுத்து, எங்கள் ஆஸ்திரேலிய வீட்டுச் சமையலறையில் ஒட்டி வைத்திருக்கிறாள். குழாய் ஒழுகும்போது நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தால், சத்தமாக வாசிப்பாள்: "விண்ணப்பதாரர் எந்தக் கருவியையும் தொட்டதில்லை. அதிகாரிங்க சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க!"

போன சனிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கும் வாசித்தாள். உடனே எழுந்து ஸ்பேனரைத் தேடினேன். எங்கும் காணோம், நீ எங்கே வைத்தாய் என்று அவளைத்தான் திட்டினேன். அது என் சட்டைப் பையில் இருந்தது. அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.