ஏழு மன்னர்களும் ஒரு மண்வெட்டியும்

மலைக்கு மேலே ஏழு நாடுகள், மலைக்குக் கீழே மீதி உலகம் என்று ஒரு பூமி இருந்தது. அங்கே வரையாறு என்று ஓர் ஆறு. அது எப்போது கீழே இறங்கலாம், எவ்வளவு இறங்கலாம் என்பதை மேலே இருந்த ஏழு மன்னர்களும் முடிவு செய்தார்கள். கீழே தாழ்புலத்தில் இருந்தவர்கள் மழைக்கும் மன்னர்களுக்கும் சேர்த்தே கும்பிடு போட்டார்கள்.

ஏழு மன்னர்களும் நல்லவர்கள். அவர்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கூடி, மூன்று நாள் தங்கி, உலகத்துக்காகக் கவலைப்படுவார்கள். கவலைப்பட்டால் நன்றாகப் பசிக்கும் என்பதால் சமையல்காரர்கள் மட்டும் நானூறு பேர் வருவார்கள். அந்த ஆண்டு அவர்கள் கவலைப்படத் தேர்ந்தெடுத்த பொருள், தாழ்புலத்து மக்களின் தாகம்.

தாகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தண்ணீருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டால் பொருத்தமாக இருக்கும் என்று உபசார அமைச்சர் சிங்காரவடிவர் கருதினார். மாநாட்டு மாளிகை மலையடிவாரத்தில், தாழ்புலத்தின் வாய்க்கால் தொடங்கும் இடத்தில் இருந்தது. அங்கே கரை எழுப்பி, எழிலேரி என்று ஓர் ஏரியை உண்டாக்கினார்கள். வாய்க்காலின் மதகை மண் கொட்டி அடைத்தார்கள். ஆறு முழுவதும் ஏரிக்குள் போனது. அதில் நீந்துவதற்கு அன்னங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தன.

கீழே நாணலேந்தல் என்ற ஊரில் நெல் பால் பிடிக்கும் பருவம். ஆவுடைத்தங்கம் அந்த ஊரின் நீர்பாய்ச்சி. வயல்களுக்கெல்லாம் முறை வைத்துத் தண்ணீர் திருப்பிவிடுவது அவள் வேலை. கடைக்கோடி வயலுக்கு முதல் தண்ணீர், நீர்பாய்ச்சியின் வயலுக்குக் கடைசித் தண்ணீர் என்பது அந்த ஊர் வழக்கம். வாய்க்கால் வறண்ட அன்று அவள் வயல் வயலாக இறங்கிக் கதிரை நசுக்கிப் பார்த்தாள். ஒரு தண்ணீர் பாயாவிட்டால் ஊர் முழுக்கப் பதர்தான் மிஞ்சும். அந்த வருஷம் சோறு கிடையாது.

ஊரார் மனுப் போட்டார்கள். ஆணை வந்தது. மன்னர்கள் செல்லும் பாதையில் வாடிய பயிர் கண்ணில் படக்கூடாது, வயல்களைப் பச்சைத் துணியால் போர்த்த வேண்டும் என்றது அது. போர்த்தினார்கள். துணிக்குள் பயிர் புழுங்கியது. விடியற்காலைப் பனியாவது கிடைத்துக்கொண்டிருந்தது, அதுவும் போனது. மறுபடியும் மனுப் போட்டார்கள். தாழ்புலத்தின் சார்பில் ஒருவர் வந்து மன்னர்கள் கவலைப்படுவதைக் கண்டுகளிக்கலாம் என்று இரண்டாவது ஆணை வந்தது. வருகிறவர் தம் பாரம்பரியக் கருவியைக் கையில் கொண்டுவர வேண்டும். படத்துக்கு அழகாக இருக்கும்.

ஆவுடைத்தங்கம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். விருந்தின் ஏழாவது பதார்த்தத்துக்கும் எட்டாவது பதார்த்தத்துக்கும் நடுவே அவளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தார்கள்.

"ஐயாமாரே, பயிரு பால் பிடிக்கிற நேரம். இன்னும் நாலு நாள்தான் தாங்கும். மதகைத் தெறந்து விட்டாப் போதும். எங்க ஊர்ல கடைசி வயலுக்குத்தான் மொதத் தண்ணி. நீங்க மேல இருக்கவுக. கொஞ்சம் பொறுத்துக் குடிச்சா, கீழ இருக்கவன் பொழைச்சுக்கிடுவான்."

மன்னர்கள் உருகிப்போனார்கள். "எவ்வளவு தொன்மையான ஞானம்," என்று மூன்றாம் மன்னர் கைக்குட்டையை எடுத்தார். "இதை ஆவணப்படுத்த வேண்டும்," என்றார் ஐந்தாம் மன்னர். அங்கேயே கூட்டறிக்கை எழுத உட்கார்ந்தார்கள்.

கூட்டறிக்கைக்கு ஒரு விதி உண்டு. ஏழு பேரில் ஒருவருக்குப் பிடிக்காத சொல்லும் அதில் இருக்கக்கூடாது. 'மதகைத் திறக்கிறோம்' என்றுதான் தொடங்கினார்கள். இரண்டாம் மன்னர் முகம் சுளித்ததால் 'மதகைத் திறப்பது குறித்து ஆராய்கிறோம்' ஆனது. ஆராய்ந்தால் பொறுப்பு வந்துவிடும் என்று ஆறாம் மன்னர் அஞ்சியதால் 'ஆராயும் எண்ணத்தை வரவேற்கிறோம்' ஆனது. பாயசம் வருவதற்குள் 'வரவேற்கிறோம்' மட்டும் மிஞ்சியது. ஏழு பேரும் கையெழுத்திட்டு ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

"இதுல மதகு எங்கய்யா?" என்று ஆவுடைத்தங்கம் அமைச்சரைக் கேட்டாள்.

"அம்மையீர், மதகு இதன் உணர்வில் கலந்திருக்கிறது," என்றார் சிங்காரவடிவர். "இப்போது தாங்கள் படத்துக்கு நிற்க வேண்டும். அதோ, அந்த அடைத்த மதகின் மேல். மண்வெட்டி நன்றாகத் தெரியட்டும்."

முப்பது வருஷம் தண்ணீர் திருப்பியவளை மண்வெட்டியோடு கொண்டுபோய் மதகின் மேல் நிறுத்தி, அழகாக நில் என்றார்கள். படித்தவர்கள் செய்கிற காரியம்.

படத்தில் ஏழு மன்னர்களும் நடுவில் நிற்க விரும்பினார்கள். தாகத்தைவிடச் சிக்கலான இந்தப் பிரச்சினைக்கு ஆலோசகர்கள் தீர்வு கண்டார்கள்: ஏழு படங்கள், படத்துக்கு ஒருவர் நடுவில். ஆவுடைத்தங்கம் குனிந்து காலடியைப் பார்த்தாள். அவசரத்தில் கொட்டிய மண், திமிசு போட்டு இறுக்கக்கூட இல்லை. இந்த ஒரு முழ மண்ணுக்குத்தானா இத்தனை மனு என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மன்னர்கள் இடம் மாறிக்கொண்டிருந்தபோது வெட்டத் தொடங்கினாள். இருபது வெட்டில் தண்ணீர் வழி கண்டது. மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது.

முதல் படத்தில் மன்னர்களுக்குப் பின்னால் ஏரி தளும்பியது. ஏழாவது படத்தில் சேறும், சேற்றில் கால் புதைந்த அன்னங்களும் இருந்தன.

"தண்ணீர்த் திருட்டு," என்று சிங்காரவடிவர் அலற, காவலர்கள் அவளைப் பிடித்தார்கள். அதற்குள் கீழே வாய்க்கால் நெடுகக் குலவைச் சத்தம் கேட்டது. பத்திரிகைக்காரர்கள் ஓடி வந்து, தாழ்புலத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டது யார் என்று கேட்டார்கள்.

"நாங்கள்தான்," என்றார்கள் ஏழு மன்னர்களும். அந்த மாநாட்டில் அவர்கள் ஒரே குரலில் பேசியது அப்போதுதான். திறந்தது மன்னர்கள் என்றால் இவளை எதற்குப் பிடித்தீர்கள் என்ற கேள்வி வரும் என்பதால், காவலர்கள் அவளை விட்டுவிட்டார்கள்.

ஆவுடைத்தங்கம் ஊருக்குத் திரும்பி, வழக்கப்படி கடைக்கோடியிலிருந்து தண்ணீர் பாய்ச்சினாள். மூன்றாம் நாள் காலையில் அவள் வயல் ஒன்றுதான் பாக்கி. மடையைத் திறந்தாள். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அவள் மண்வெட்டியோடு மதகுக்கு ஓடினாள், பின்னாலேயே ஊராரும் ஓடினார்கள்.

மதகின் வாய்க்கு நேர் நடுவில், அகலமான அடித்தளம் போட்டு, ஆளுயரக் கல் ஒன்று நட்டிருந்தார்கள். 'தாழ்புலத்தின் தாகம் தீர்த்த எழுவர்' என்று பொறித்து, கீழே ஏழு பெயர்கள். சொட்டுத் தண்ணீர் போக வழியில்லை. பக்கத்தில் சிங்காரவடிவர் மாலையோடு நின்றார்.

"எப்படி இருக்கிறது அம்மையீர்?"

"கல்லு நல்லாத்தான் இருக்குய்யா. தண்ணிதான் வரல," என்றாள். பிறகு ஊரார் பக்கம் திரும்பி, "கடப்பாரைய எடுத்துட்டு வாங்க," என்றாள்.

அமைச்சர் ஆவலோடு குறிப்பேட்டை எடுத்தார். "அதுவும் தங்கள் பாரம்பரியக் கருவிதானா?"

"இனிமே அப்படித்தான்யா," என்றாள் ஆவுடைத்தங்கம்.