நாலு காத்து, பின்னால ஒண்ணு

கோயமுத்தூரில் பஞ்சை நம்பிப் பிழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புகையிலையை நம்பியும் நிலக்கடலையை நம்பியும் பிழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றை நம்பி வாழ்ந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரைக் காத்தண்ணன் என்று கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். அதைக் கேட்டால், "சக்கரத்தைப் பாத்துப்போட்டு வந்து சொல்றனுங்க" என்று போவார். வரமாட்டார்.

குழந்தைகளே, இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஒரு ஜின் பாக்டரியில், மூட்டை எடை போடுகிற இடத்தில் எனக்கு வேலை. ஊரில் மோட்டார் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் முதலாளி அவர்களில் ஒருவர். காத்தண்ணன் அவருடைய டிரைவர். மற்ற டிரைவர்கள் இன்ஜினைப் பற்றிப் பெருமை பேசுவார்கள், ஹாரனைப் பற்றிப் பேசுவார்கள். காத்தண்ணனுக்கு இன்ஜின் ஒரு பொருட்டே இல்லை. "அது சத்தம் போடறதுக்கு இருக்குதுங்க. வண்டி நிக்கறது காத்து மேல" என்பார்.

அவர் சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு பித்தளைக் குழாய் எப்போதும் இருக்கும். டயரில் காற்று அடைக்கிற வாய்க்கு வால்வு என்று பேர். அந்த வால்வில் குழாயை வைத்து அழுத்தினால், உள்ளேயிருந்து கோடு போட்ட ஒரு குச்சி நீட்டும். எந்தக் கோடு வரைக்கும் நீட்டுகிறதோ அதுதான் காற்றின் அளவு. தபாலாபீசில் ஒருநாள் ஒரு பெரியவர் அதைப் பேனா என்றே நினைத்து இரவல் கேட்டார். காத்தண்ணன் யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர், கொடுத்துவிட்டார். பெரியவர் கார்டின் மேல் எழுதிப் பார்த்தார், உதறிப் பார்த்தார், நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தார். கடைசியில், "மை தீந்துபோச்சுங்களா?" என்று கேட்டார். "அதுல மை இல்லீங்க, காத்துத்தானுங்க" என்றார் இவர். பெரியவர் கார்டை எடுத்துக்கொண்டு வேறு ஜன்னலுக்குப் போய்விட்டார்.

காலையில் கண் விழித்ததும் அவருக்கு முதல் வேலை காற்றுப் பார்ப்பது. பல் விளக்குவதெல்லாம் அப்புறம். குறைந்திருந்தால் காலால் மிதிக்கிற பம்பை வைத்து வேர்க்க வேர்க்க மிதித்து ஏற்றுவார். கூடியிருந்தால் வால்வைக் குத்திப் புஸ்ஸென்று கொஞ்சம் இறக்குவார். பிறகு வால்வின் வாயில் ஒரு சொட்டு எச்சில் வைத்து, குமிழ் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். குமிழ் வந்தால் காற்று கசிகிறது என்று அர்த்தம். (குழந்தைகளே, நீங்கள் பெரியவர்களாகிக் கார் வாங்கினால் சோப்புத் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள்.) எல்லாம் சரியாக இருந்தால் மூடியைத் திருகிவிட்டு டயரின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். கன்றுக்குட்டியைத் தட்டுகிற மாதிரிதான்.

ஓடி வந்த சூட்டில் மட்டும் காற்றுப் பார்க்கவே மாட்டார். சூட்டில் காற்று உப்பிக்கொள்ளும். குச்சி பொய் சொல்லும். அதை நம்பிக் காற்றை இறக்கினால், ஆறின பிறகு டயர் சோர்ந்து கிடக்கும். மேட்டுப்பாளையம் போய் வந்த ஒரு மத்தியானம் முதலாளி, "என்னப்பா, கல்லு மாதிரி இருக்குது, கொஞ்சம் எறக்கு" என்றார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, "ஓடி வந்த ஆளுக்கு நாடி பாக்கலாமுங்களா?" என்று கேட்டார். முதலாளி வீட்டுக்குள் போய்விட்டார்.

முதலாளியின் மாமியார் நல்ல கனத்த உடம்புக்காரர். அவர் காரில் ஏறிய அன்று, காத்தண்ணன் கீழே குனிந்து டயரைப் பார்த்துவிட்டு, "அம்மணி, சித்த நடுவால வந்து உக்காருங்க, எடதுபக்கத்துச் சக்கரம் நெம்ப வருத்தப்படுதுங்க" என்றார். அந்த அம்மாள் அதற்கப்புறம் எங்கே போனாலும் மாட்டு வண்டியில்தான்.

பொள்ளாச்சிச் சந்தை நாளில் இவரோடு அந்த ரோட்டில் போகவே கூடாது. மாடுகளின் லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் ரோட்டில் கிடக்கும். காரை நிறுத்தி இறங்கிப் பொறுக்குவார். பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரன் அடித்தால், "உங்களுக்குஞ் சேத்தித்தானுங்க பொறுக்கறேன்" என்பார்.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. துடியலூரில் இருந்த அவருடைய அக்கா பார்க்காத ஜாதகம் இல்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் அந்த வீட்டுக்காரருடைய சைக்கிளை அமுக்கிப் பார்த்து, "இப்பிடியா வெச்சிருக்கறது?" என்று கேட்டு, இரண்டு சம்பந்தம் கெட்டுப்போயிருந்தது. கடைசியாகப் பொள்ளாச்சிக்கு இந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் ராமாத்தா என்று ஒரு பெண் அமைந்தது. அந்த வீட்டில் சைக்கிள் இல்லை. பெண்ணுக்கும் பிடித்திருந்தது, இவருக்கும் பிடித்திருந்தது. இது தவறினால் இனிமேல் பெண் தேட மாட்டேன் என்று அக்கா கோயிலில் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால்தான் கல்யாணம் நிச்சயம். அதற்கு முன்னால் பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளையின் ஊருக்கு வந்து, சொல்லாமல் கொள்ளாமல் விசாரித்துப் போவார். ராமாத்தாளின் மாமனும் வந்தார். வந்தவர் எங்கள் ஆலை வாசலில் இருந்த வாச்சுமேனிடம் விசாரித்தார்.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பேய் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பயம். 'காத்து' என்பார்கள். 'அவனுக்குக் காத்து அடிச்சிருச்சு' என்றால் பேய் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

மாமனும் வாச்சுமேனும் பேசியதை வாச்சுமேனே பிற்பாடு எனக்குச் சொன்னார்.

"ஏனுங்க, உங்க டிரைவரு ஆளு எப்பிடிங்க?"

"தங்கமான மனுசனுங்க. காத்து விசயத்துலதான் கொஞ்சம் ஒரு மாதிரி."

"காத்துங்களா?"

"ஆமாங்க. விடிஞ்சதும் காத்துப் பாக்காம பச்சத்தண்ணி குடிக்க மாட்டாரு."

"அவரு கண்ணுக்கே தெரியுதுங்களா?"

"காத்து எப்பிடிங்க கண்ணுக்குத் தெரியும்? குச்சி வெச்சுத்தான் பாப்பாரு."

மாமன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாராம். "மொத்தம் எத்தனைங்க?"

"நாலுங்க. பின்னால ஒண்ணு தொங்கீட்டு இருக்குது. நாலுல ஒண்ணு போச்சுன்னா அது வந்து எடத்தைப் புடிச்சுக்கும்."

"மந்திரிச்சு எறக்க முடியாதுங்களா?"

"மந்திரம் எதுக்குங்க? அவரே எறக்குவாரு, அவரே ஏத்துவாரு. சில நாளு அதுவாவே எறங்கிரும். அப்ப ஏறி மிதிமிதின்னு மிதிப்பாரு பாருங்க, பாக்கறவங்களுக்கே பாவமா இருக்கும்."

மாமன் காப்பிகூடக் குடிக்காமல் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

எங்களுக்கு இது எதுவும் தெரியாது. நாலைந்து நாளில் துடியலூர் அக்காவுக்கு ஆள் மூலம் சேதி வந்தது: "உப்புச்சக்கரை இப்ப வேண்டாமுங்க, கொஞ்ச நாள் போகட்டுமுங்க." எங்கள் ஊரில் யாரும் மூஞ்சிக்கு நேராக முடியாது என்று சொல்ல மாட்டார்கள். 'கொஞ்ச நாள் போகட்டுமுங்க' என்றால் அந்த ஜன்மத்துக்கு இல்லை என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் ஆலையே கூடிவிட்டது. காத்தண்ணன் காற்றுப் பார்க்கவில்லை. பம்பு சுவரில் சாய்ந்திருந்தது. இவர் கார்ப் படியில் உட்கார்ந்து தன்னுடைய கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களெல்லாம் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வாயில் கை வைத்து நின்றார்கள். முதலாளி வெளியே வந்து ஒரு முறை பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "இவனையும் இவன் அக்காளையும் கூட்டீட்டு அந்தத் தோட்டத்துக்குப் போ. என்ன குறைன்னு நேராக் கேட்டுப்போட்டு வா. கார் எனக்கு இன்னிக்கு வேண்டாம்" என்றார். பிறகு தானே பம்பை எடுத்துக் காத்தண்ணன் கையில் கொடுத்தார்.

நாங்கள் தோப்பு வாசலில் போய் நின்றபோது உச்சி வெயில். வீட்டு நிலைப்படியில் புதுசாக வேப்பிலை கட்டியிருந்தது. மாமன் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து, "வாங்க, வாங்க, நல்லாயிருக்கறீங்களா" என்று நல்லவிதமாகத்தான் வரவேற்றார். ஆனால் காரை விட்டு எட்டவே நின்றார். அக்கா உள்ளே போனார். காத்தண்ணன் இறங்கியதும் பழக்கத்தில் காரைச் சுற்றி வந்து, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் குந்தி, எங்காவது ஆணி ஏறிக் காற்றுப் போகிறதா என்று காதை வைத்துக் கேட்டார்.

மாமன் என் கையைப் பிடித்துத் தென்னை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார். "ஏனுங்க, தம்பிக்கு எப்ப இருந்துங்க இப்பிடி?"

"வண்டி வாங்குன நாளா இப்பிடித்தானுங்க" என்றேன்.

"அப்ப வண்டியிலதான் இருந்திருக்கறாங்க."

"யாருங்க?"

"அவங்கதானுங்க. நாலு பேரு. பின்னால ஒருத்தரு தொங்கறாராமே."

எங்கள் ஊர்க்காரர்கள் பேய்க்கும் மரியாதை குறைக்க மாட்டார்கள். எனக்கு விஷயம் மெதுவாகத்தான் ஏறியது. ஏறினதும் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. சிரித்தால் மாமனுக்கு அவமானமாகிவிடும், சம்பந்தம் அதோடு போய்விடும் என்று மென்று விழுங்கிக்கொண்டு நின்றேன். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து ராமாத்தாளின் குரல் வந்தது.

"மாமா, அவரு சக்கரத்துக் காத்தைப் பாக்கறாருங்க. நம்ம தோட்டத்துக்கு முன்னால நிக்கற பஸ்ஸுக்காரரும் அதத்தானுங்க பாக்கறாரு."

மாமன் காரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "அப்ப பின்னால தொங்கறவரு?" என்று கேட்டார். நான் அவரைக் காருக்குப் பின்னால் கூட்டிப்போய், மாட்டியிருந்த மாற்றுச் சக்கரத்தைக் காட்டினேன். ஸ்டெப்னி என்று அதற்குப் பேர். மாமன் முதலில் ஒரு விரலால் தொட்டார். அப்புறம் உள்ளங்கையை வைத்தார். "இவருதானுங்களா?" என்றார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் தென்னை மரத்துக் காக்கையெல்லாம் பறந்துபோய்விட்டது.

அத்தோடு நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாமனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எங்கிங்க மாப்பிள்ளை, அந்தக் குச்சியை வெச்சு ஒருக்காக் காட்டுங்க" என்றார். காத்தண்ணன் பித்தளைக் குழாயைப் பைக்குள்ளேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப முடியாதுங்க. சூடு ஆறோணும்" என்றார்.

பெண் கொடுக்கப் போகிறவரிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொன்ன ஒரே மாப்பிள்ளை எங்கள் ஜில்லாவில் இவராகத்தான் இருக்கும். உள்ளேயிருந்து அக்கா தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. மாமன் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "செரி, ஆறட்டுமுங்க" என்று கயிற்றுக் கட்டிலை எடுத்து நிழலில் போட்டார். இளநீர் வெட்டச் சொன்னார். ஒரு டயர் ஆறுவதற்காக ஒரு குடும்பமே உட்கார்ந்து காத்திருந்தது.

அப்படிக் காத்திருக்கும்போதுதான் ராமாத்தா இளநீர்ச் சொம்போடு வாசற்படிக்கு வந்து நின்றாள். மாமனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கேள்வி காத்தண்ணனுக்குத்தான்.

"நாலு சக்கரம் ஓடுது, காத்து வேணும். பின்னால சும்மா தொங்கறதுக்கு எதுக்குங்க தெனமும் பாக்கறது?"

காத்தண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஓடாட்டியும் அது நம்மகூடத்தானுங்க வருது. பட்டினி போடலாமுங்களா?"

ராமாத்தா சொம்பை மாமன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். போகும்போது நிலைப்படியில் கட்டியிருந்த வேப்பிலையை எட்டிப் பிய்த்து வாசலில் போட்டுவிட்டுப் போனாள். மாமன் அதைப் பார்த்தார். "வர்ற வளர்பிறையில உப்புச்சக்கரை மாத்திக்கலாமுங்க" என்றார்.

திரும்பி வரும்போது அக்கா பின் சீட்டில் தூங்கிவிட்டார். வெயில் தாழ்ந்துவிட்டது. கிணத்துக்கடவு தாண்டி ஒரு புளிய மரத்தடியில் காத்தண்ணன் காரை ஓரம் கட்டினார். "காத்துப் பாக்கறதுக்குங்களா, அண்ணா?" என்று கேட்டேன். "இல்லீங்க தம்பி" என்றார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

நான் மறுபக்கம் திரும்பி, ரோட்டில் போகிற வண்டிகளை வேடிக்கை பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை. அவர் துடைத்து முடிக்கிற வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.