வாய்க்காலில் தண்ணி வராததைப் படிக்கப் பேராதனையோ?

உ
சிவமயம்

எட்டாம் வாய்க்கால்,
கிளிநொச்சி.
1965, ஆவணி மாதம்.

கொழும்பு மாநகரில் அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம் வகிக்கும் அன்பு மைத்துனர் தவராசா அவர்களுக்கு,

தங்கள் தமக்கையைக் கைப்பிடித்த இளையதம்பி வணக்கத்துடன் வரைவது. இங்கு நான், தங்கள் தமக்கை இராசமலர், மகள் பத்மாசனி, உழவு எருமைகள் ஆகிய அனைவரும் உடம்பளவில் சுகமே. தாங்களும் தங்கள் பாரியாரும் பூரண சுகத்துடன் இருக்கவேண்டுமென்று புளியம்பொக்கணை நாகதம்பிரானை மனமார வேண்டுகிறேன். ஏனென்றால் இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கத் தங்களுக்கு நல்ல தேகபலம் தேவைப்படும்.

நிற்க. பேராதனைச் சர்வகலாசாலை எங்கள் பத்மாசனிக்கு இடம் கொடுத்திருக்கும் விஷயம் தங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்தப் பகுதிக்கு என்பதும் தெரிந்திருக்கும். என் வீட்டில் அது தெரியாமல் இருந்த ஒரே சீவன் நான்தான் என்பதை மிகுந்த மனவேதனையுடன் அறியத்தருகிறேன். எருமைகளுக்குக்கூட யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் சந்தேகம்.

நாங்கள் வடமராட்சியை விட்டு இந்தக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்த புதிதில் இங்கே யானை இருந்தது, காய்ச்சல் பரப்பும் நுளம்பு இருந்தது, டொக்டர் மட்டும் இல்லை. தங்கள் தமக்கைக்குக் காய்ச்சல் கண்டு, வண்டிலில் வைக்கோலைப் பரப்பிப் படுக்கவைத்து, கொட்டுற மழைக்குள்ளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வழியெல்லாம் ஆள் காய்ச்சல் வேகத்தில் அலட்டினபடி. சின்னப்பிள்ளை பத்மாசனி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள். அன்றைக்கு அந்த வண்டிலில் வைத்துத்தான் நான் தீர்மானம் எடுத்தேன், இவள் டொக்டராக வேணும் என்று. அதற்காகத்தான் அவளை யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டுப் படிப்பித்தது. முதல்முறை சோதினையில் எழுத்திலே தேறி, செய்முறைப் பரீட்சைக்குக் கொழும்புக்கு வந்து உங்கட வீட்டிலேதானே நிண்டவள்? தவளையை வெட்டச் சொன்னவையாம், கை நடுங்கினதாம், இடம் கிடைக்கேல்லை. சரி, பயிற்சி காணாது எண்டு நினைச்சன். எங்கட வயலில தவளைக்குப் பஞ்சமோ? அவள் விடுமுறைக்கு வரேக்கையெல்லாம் நானே சேத்துக்குள்ள இறங்கி, வாளி நிறையப் பிடிச்சுக்கொண்டு வந்து குசினிக்குப் பின்னால வைச்சன். "வெட்டியாச்சோ பிள்ளை?" எண்டு கேட்டால் "முடிஞ்சுது அப்பா" எண்டுவாள். முடிஞ்சதுதான்! பின்வேலியால எல்லாத்தையும் வாய்க்காலுக்குள்ள விட்டு முடிஞ்சுது. வாளியைத் தூக்கிக் குடுத்தது உம்முடைய கொக்கா இராசமலர். ஒரே தவளையை நான் எத்தனை தரம் பிடிச்சனோ நாகதம்பிரானுக்குத்தான் வெளிச்சம்.

அந்த நேரத்திலதான் நீர் உம்முடைய திருவிளையாடலைத் தொடங்கினீர். "டொக்டருக்கு எண்டு விண்ணப்பிக்கிற சனம் திருவிழாச் சனம்போல, எடுக்கிறது ஒரு கைப்பிடி. ஆட்ஸ் எண்டுற கலைப்பிரிவுக்கு இப்ப கதவை அகலத் திறந்து விட்டிருக்கினம், தமிழிலேயே படிக்கலாம். பாடத்தை மாத்து பிள்ளை, அத்தானுக்கு நான் ஆறுதலாச் சொல்லுறன்" எண்டு சொன்னீராம். என்ன ஆறுதல் ஐயா உது! ரெண்டு வருசமாக ஆறிக்கொண்டு இருந்தனீரோ? நான் இஞ்ச ஒண்டும் தெரியாமல், பிள்ளை தடிச்ச மொத்தப் புத்தகமா வாசிக்கிறதைப் பார்த்துப் பூரிச்சுப்போய் இருக்கிறன். ஒருநாள் மேசையில குனிஞ்சு நீலக் கோடும் சிவப்புக் கோடுமாக ஒரு படம் கீறிக்கொண்டிருந்தாள். கிளை கிளையாப் பிரிஞ்சு போகுது. நான் இரத்தக் குழாய் எண்டு நினைச்சன். ஆர்தான் நினைக்கமாட்டினம்? வேலிக்கு மேலால கதிர்காமநாதனைக் கூப்பிட்டு (ஓம், என்ர வயலுக்கு மேல்வயல்காரன், வாய்க்காலை மண்போட்டு மறிச்சுத் தண்ணியைத் தன்ர பக்கம் திருப்புற அதே கதிர்காமநாதன்) "பாரும், மனிசருக்குள்ள எவ்வளவு குழாய் ஓடுது" எண்டு காட்டினன். அவன் தன்ர நெஞ்சைத் தடவிப் பார்த்துப் பயந்துபோனான். அது மகாவலி கங்கையாம்! நீலம் ஆறாம், சிவப்பு றோட்டாம்!

போன கிழமை தபால்காரன் வந்து மணியடிச்சான். பிள்ளை கடிதத்தை உடைச்சு வாசிச்சுப்போட்டு, "அப்பா, யூனிவேசிற்றி கிடைச்சிட்டுது" எண்டாள். "அப்பா, அது வந்து..." எண்டு அடுத்த வசனத்தையும் தொடங்கினவள்தான். நான் நிண்டால்தானே! சட்டை போடவும் மறந்து, துவாயைத் தோளில போட்டுக்கொண்டு சைக்கிளில ஏறினன். சங்கக்கடை, தபால் கந்தோர், தேத்தண்ணிக் கடை ஒண்டும் விடேல்லை, "எங்கட பிள்ளை டொக்டராகப் போறாள்" எண்டு சொல்லிக்கொண்டு போனன். முல்லைத்தீவு பஸ் கொண்டக்டரிட்டையும் சொன்னன். அந்தப் புண்ணியவான் கடற்கரை மட்டும் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். சங்கக்கடை வாசலில கதிர்காமநாதன் வந்து, தன்ர மகன் யோகநாதனுக்கும் கடிதம் வந்திருக்கு, ஆட்ஸ் எண்டான். "ஆட்ஸோ? கலைப்பிரிவு எண்டால் பெடியங்களைக் கலைச்சு விடுற பிரிவெல்லோ!" எண்டு அவ்வளவு சனத்துக்கும் முன்னால சொல்லிச் சிரிச்சவன் நான். அந்தச் சிரிப்பு இப்ப என்ர தொண்டைக்குள்ள மீன்முள்ளு மாதிரி நிக்குது.

வீட்டை வந்தால் முற்றத்தில நோயாளியள்! எங்கட வாய்க்கால் சின்னராசா வீங்கின காலை நீட்டிக்கொண்டு குந்தியிருக்கிறார், பக்கத்தில ஒரு மனிசி அழுகிற பிள்ளையோட. பத்மாசனி தலையில கை வைச்சுக்கொண்டு, "ஐயா, நான் டொக்டர் இல்லை" எண்டு சொல்லுறாள். "முழு டொக்டர் வேண்டாம் பிள்ளை, இப்போதைக்குப் பாதி டொக்டரே காணும்" எண்டு சின்னராசா காலை இன்னும் கொஞ்சம் நீட்டுறார். அவள் அவையை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பினாள். நான் அதைத் தன்னடக்கம் எண்டு நினைச்சுக் கண் கலங்கினன். அண்டு முழுக்க "அப்பா, ஒரு கதை கதைக்கவேணும்" எண்டு என்ர பின்னால திரிஞ்சாள். "எல்லாம் விழா முடியப் பேசுவம்" எண்டு சொல்லிப்போட்டு நான் வாழைக்குட்டி வெட்டப் போட்டன்.

விழாவோ? அதை ஏன் கேக்கிறீர். சனசமூக நிலையத்தில பாராட்டுவிழா. றக்டரின்ர இழுவைப் பெட்டியில கதிரை வைச்சு, பிள்ளையை மாலையோட இருத்தி, மேளம் முன்னால போக வாய்க்கால் கட்டால போறம், எதிராலை இன்னொரு றக்டர் வருது! அதிலயும் மேளம், மாலை, கதிரை. கதிரையில யோகநாதன், விழாவுக்கு முன்னம் ஊரைச் சுத்திக்கொண்டு வாறானாம். கட்டில ஒரு றக்டர் போகத்தான் இடம். "டொக்டருக்கு வழி விடுங்கோடா!" எண்டு நான் கத்த, "ஆட்ஸ் பின்னுக்கு வராது" எண்டு கதிர்காமநாதன் கத்த, ரெண்டு மேளக்காரரும் ஆளுக்கொரு தாளத்தில அடிக்க, எங்கட றக்டரின்ர சில்லு ஒண்டு சேத்துக்குள்ள இறங்கிப்போச்சு. கடைசியில பிள்ளையை நடத்திக்கொண்டுதான் போனனாங்கள். பின்னால எல்லாரும் செருப்பைக் கையில பிடிச்சுக்கொண்டு.

மேடையில தலைமை ஆசிரியர் என்னைப் பற்றி ரெண்டு நல்ல வார்த்தை சொல்லத் தொடங்க, பின்னாலயிருந்து ஒருத்தர் கருவாட்டுப் பறியோட முன்னுக்கு வாறார். ஆர் எண்டு பார்த்தால் மரியநேசன். முல்லைத்தீவில கரைவலை வைச்சிருக்கிறவர். அவற்ற மகள் றோஸ்மேரி எங்கட பிள்ளையோட விடுதியில ஒண்டாப் படிச்சவள். பஸ் கொண்டக்டர் சொன்ன செய்தி கேட்டு, விடிய வெளிக்கிட்டு வந்திருக்கிறார் மனிசன். நேர ஒலிபெருக்கிக்கு முன்னால போய் நிண்டுகொண்டு, "இளையதம்பி அண்ணை, மாதாவின்ர கிருபையால எங்கட பிள்ளையள் ரெண்டும் ஒண்டாப் போகினம்! என்ர பிள்ளையும் ஆட்ஸ், உங்கட பிள்ளையும் ஆட்ஸ், ஒரே புவியியல் வகுப்பாம்! கொண்டக்டர் விசரன் டொக்டர் எண்டு மாறிச் சொல்லிப்போட்டான்" எண்டார். ஒலிபெருக்கி கூ எண்டு ஊளையிட்டுது. சனம் முழுக்க என்ர பக்கம் திரும்பிச்சுது. அதுதான் இன்னும் மோசம்.

அந்த நேரம் உம்முடைய மருமகள் எழும்பினாள். கையில நடுக்கம் ஒண்டையும் காணேல்லை. "மரியநேசன் மாமா சொன்னது சரி. அப்பா பொய் சொல்லேல்லை, நான் சொல்ல அவர் நேரம் தரேல்லை. நான் புவியியல் படிக்கப் போறன். இரணைமடுக் குளம் நிரம்பியிருக்கேக்கையும் எங்கட கடைசி வயலுகளுக்கு ஏன் தண்ணி வாறேல்லை எண்டு வடிவாப் படிக்க ஆசை" எண்டாள். சனம் கையைத் தட்டிச்சுது. கதிர்காமநாதன்தான் எல்லாரிலும் பலமாத் தட்டினவன். கேளும் தவராசா, தண்ணி ஏன் வாறேல்லை எண்டு இந்தக் கிளிநொச்சியில பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கதிர்காமநாதன் மறிச்சு வைச்சிருக்கிறான்! அதைப் படிக்கப் பேராதனைக்குப் போகவேணுமோ?

தலைமை ஆசிரியர் என்னைத் தேற்ற எண்டு நினைச்சு, "காலம் மாறுது இளையதம்பி. இப்ப தமிழில எழுதின நாட்டுப்புறப் பிள்ளையள், பொம்பிளைப் பிள்ளையள் எல்லாம் எடுபடுகினம். வருசத்துக்கு வருசம் கூடுது" எண்டார். கூடட்டும். ஏன் ஒரு பக்கத்தில மட்டும் கூடுது? முந்தி ஊருக்கு ஒருத்தன் யூனிவேசிற்றிக்குப் போனால் ஊரே நிமிர்ந்து நடக்கும். இப்ப வாய்க்காலுக்கு ரெண்டு பேர்! இது சர்வகலாசாலையோ, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போற பஸ்ஸோ? ஆட்ஸ் பக்கத்தில மிதிபலகையிலயும் ஆள் ஏத்துகினம். டொக்டர் பக்கத்தில இருக்க இடமிருந்தும் கதவைச் சாத்திப்போட்டினம். நாட்டில காய்ச்சல் குறைஞ்சுபோச்சோ? ஆறும் மலையும் படிச்ச ஆயிரம் பேரைக் கொண்டுவந்து ஒரு காய்ச்சல்காரியைச் சுத்தி நிப்பாட்டினால் அவளின்ர சூடு இறங்குமோ? இதைக் கந்தோரில உம்முடைய பெரியவரிட்டைக் கேட்டுச் சொல்லும்.

வீட்டை வந்து, "ஏனடி எனக்கு ஒளிச்சனீ?" எண்டு கேட்டன். "நான் ஒளிக்கேல்லை அப்பா. தவளை வெட்ட என்னால ஏலாது எண்டு முதல் நாளே சொன்னனான். நீங்கள் அதைவிடப் பெரிய தவளையாப் பிடிச்சுக்கொண்டு வந்தியள்" எண்டாள். நான் சோறு வேண்டாமெண்டு போய்ப் படுத்தன். கொக்கா அறை வாசலில வந்து நிண்டு, "டொக்டர் வேலை அவ்வளவு ஆசையெண்டால் நீங்களே படிச்சிருக்கலாமே, ஆர் மறிச்சது?" எண்டு கேட்டா. உங்கட குடும்பத்து நாக்கு!

ஆகையால், சுணங்காமல் ஒருநாள் லீவு போட்டுப் பேராதனைக்குப் போய், எங்களுக்கு உந்த இடம் வேண்டாம் எண்டு அறிவிக்கவேண்டியது உம்முடைய பொறுப்பு. ஓட்டையைப் போட்டவர் நீர், அடைக்கிறதும் நீராய் இருக்கட்டும். பிள்ளை திரும்ப டொக்டருக்கே எழுதட்டும். அவளிட்டையும் சொல்லிப்போட்டன். அழவுமில்லை, பறையவுமில்லை, "சரி அப்பா" எண்டு மட்டும் சொன்னாள். அந்தச் 'சரி' எனக்குத் துண்டாப் பிடிக்கேல்லை. ஆனாலும் என்ர முடிவு முடிவுதான்.

தங்கள் பாரியாருக்கு எங்கள் அன்பு உரித்தாகுக. தங்கள் குழந்தைகளுக்கு எனது ஆசீர்வாதம். அவர்கள் வளர்ந்து எந்தப் பகுதிக்கு விண்ணப்பித்தாலும், பெற்ற தகப்பனுக்குச் சொல்லிவிட்டு விண்ணப்பிக்க நாகதம்பிரான் அருள்புரிவாராக.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்,
க. இளையதம்பி

பி.கு.: இதைக் கிளிநொச்சி ஸ்டேசன் வாங்கில இருந்து எழுதுறன். மேல எழுதினது ஒண்டையும் செய்யவேண்டாம். பேராதனைக் கந்தோர்ப் பக்கமே தலைகாட்டவேண்டாம். கடிதத்தை எழுதி வைச்சிட்டுக் கைகால் கழுவப் போனால் படலையடியில கதிர்காமநாதன் நிக்கிறான். "கேள்விப்பட்டன் அண்ணை, நல்ல முடிவு. பொம்பிளைப் பிள்ளைக்கு உந்தப் படிப்பு என்னத்துக்கு? எட்டாம் வாய்க்காலின்ர பேரை எங்கட யோகநாதன் ஒருத்தனே காப்பாத்துவான்" எண்டான். என்ர பிள்ளைக்கு என்னத்துக்கு எண்டு கேக்க உவன் ஆர்? தண்ணியை மறிச்சது காணாதோ? உள்ளுக்குப் போனால் பத்மாசனி புத்தகமெல்லாத்தையும் சாக்கில கட்டிப் பரணில ஏத்திக்கொண்டு நிக்கிறாள். "இறக்கு" எண்டன். "அப்பா?" எண்டாள். "இறக்கு எண்டெல்லோ சொல்லுறன்!" எண்டு கத்தினன். கத்தினது ஊருக்கே கேட்டிருக்கும், கதிர்காமநாதனுக்கும் கேட்கட்டும்.

இண்டைக்குப் பிள்ளையை யாழ்தேவி றெயிலில றோஸ்மேரியோட ஏத்திவிட்டிட்டன். மரியநேசன் செபமாலையை உருட்டினார், நான் திருநீறு பூசினன். பொல்காவலையில இறங்கிக் கண்டி றெயில் மாறவேணுமாம். நீர் அங்க வந்து நிக்கவேணும், கம்பளிச் சட்டை ரெண்டு கொண்டுவரவேணும் எண்டு தந்தி அடிச்சிருக்கிறன், கிடைச்சிருக்கும். பிறகேன் இந்தக் கடிதத்தையும் அனுப்புறன் எண்டால், உமக்கு ஏச்சு வேணும், நான் எழுதின பாடும் வீணாகப்படாது. ஸ்டேசன் மாஸ்டர் வந்து, "பிள்ளை டொக்டருக்கோ?" எண்டு கேட்டார். "டொக்டருக்கு இப்ப ஆரும் போவினம் ஐயா, இது புவியியல்" எண்டு சொன்னன்.

றெயில் வெளிக்கிடேக்கை பிள்ளை யன்னலால எட்டி, "போட்டு வாறன் அப்பா" எண்டாள். மனதுக்குள்ள எவ்வளவோ சொல்லக் கிடந்தது. நானும் றெயிலோட கொஞ்சத்தூரம் ஓடி, "கொம்மா தந்த புட்டு ஊசிப்போம், கெதியாச் சாப்பிடு" எண்டு மட்டும் கத்தினன்.